அம்மாவின் பதில்

1998 ஜூலை 8ஆம் திகதி இரவு பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மேலே வாடிக்கையாளர்களுக்குத் தொலைக்காட்சி. கீழே எனக்கும் மாலி நாட்டுத் தோழன் ஒருவனுக்கும் ஒரு சின்ன வானொலி. உலகக் கிண்ண அரையிறுதி, பிரான்சும் குரோவேசியாவும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து வடக்கே சில கிலோமீற்றரில், சான் துனி மைதானத்தில் ஆட்டம் நடந்தது.

இடைவேளை முடிந்த கையோடு குரோவேசியாவின் டாவோர் சூக்கர் கோல் அடித்தார். பிழை பிரான்சின் லிலியான் துராமுடையது. பின்வரிசையில் மற்றவர்கள் முன்னே ஏறிவிட, வலப்பக்கம் நின்ற அவர் பின்தங்கியதால் சூக்கர் ஓஃப்சைட் ஆகவில்லை. அடுத்த நிமிடமே அதே துராம் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, ஜோர்க்காயெஃப் திருப்பிக் கொடுத்ததை வலைக்குள் அனுப்பினார். 70ஆவது நிமிடமளவில் இடது காலால் இன்னொன்று. மாலித் தோழன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். என் கை நிறையச் சவர்க்கார நுரை. துராம் முழந்தாளில் இருந்து, உதட்டில் விரல் வைத்து, ஏதோ கணக்கு யோசிப்பவர்போல இருக்கும் படத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

பிரான்சுக்காக அவர் ஆடியது 142 ஆட்டங்கள். அடித்தது 2 கோல்கள். இரண்டும் அந்த ஓர் இரவில்.

நானும் ஊரில் பேக் நின்றவன். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள், பேக் நின்றவன் விட்ட ஒரு பந்தைப் பத்து வருடத்துக்குச் சொல்லுவார்கள். தடுத்த நூறு பந்தை ஒருவரும் எண்ணுவதில்லை. அந்த உலகக் கிண்ணத்தில் ஏழு ஆட்டங்களிலும் சேர்த்துப் பிரான்ஸ் வாங்கியது 2 கோல்கள்தான். துராம், லோரான் பிளாங், மார்செல் தெசையி, லிசராசு: வழமையாகப் பின்னால் நின்ற நால்வரில் ஒருவர் குவாதலூப்பிலிருந்து, ஒருவர் கானாவில் பிறந்து, ஒருவர் பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர்கள். பிரான்ஸ் கிண்ணம் வென்ற இரவில் ஷான்செலிசே தெருவெங்கும் கறுப்பு, வெள்ளை, அரபு என்று மூன்றையும் சேர்த்துக் கூவினார்கள். அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். வந்து மூன்று வருடம். மனைவியும் நான் இன்னும் முகம் பார்க்காத மகளும் கொக்குவிலில் இருந்தார்கள்.

துராம் 1972 ஜனவரி முதலாம் திகதி குவாதலூப்பில் பிறந்தவர். கரிபியன் கடலில் இருந்தாலும் அது பிரான்சின் ஒரு பகுதி. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் அங்கே கரும்பு வெட்ட ஆள் தேடியபோது, 1854 தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களையும் கப்பலேற்றினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். இதை அறிந்த நாளிலிருந்து அந்தத் தீவு எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

அவருடைய தாய் மரியானா தனியாக ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பிழைப்புத் தேடித் தான் முன்னே பாரிஸுக்கு வந்து, துப்புரவு வேலை செய்து, பிறகு பிள்ளைகளை எடுத்தார். ‘எடுப்பது’ என்ற சொல்லுக்குள் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் என் குடும்பத்தை எடுக்க ஐந்து வருடம் சென்றது. 2000இல் விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை யாரோ போலப் பார்த்தாள்.

1981இல், ஒன்பது வயதில், பாரிஸ் புறநகரில் பள்ளிக்கூடம் போன துராமுக்கு மற்றப் பிள்ளைகள் ‘நுவாரோட்’ என்று பட்டம் வைத்தார்கள். அது அந்நாளையத் தொலைக்காட்சிப் படமொன்றில் வரும் கறுப்புப் பசு. மூளை குறைந்த பசு. வெள்ளைப் பசுதான் புத்திசாலி. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து தாயிடம் ஏன் என்று கேட்டான் பையன். உலகம் அப்படித்தான், மனிதர்கள் நிறம் பார்ப்பவர்கள், அது மாறாது என்ற அர்த்தத்தில் அம்மா சொன்ன பதில் தனக்குப் போதவில்லை என்று துராம் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்த பிள்ளை அது. தாய்மொழியைப் போலப் பிரெஞ்சு பேசிய பிள்ளை. விசாவும் கார்டும் கையில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் கிடந்த என்னை இந்தக் கதை உலுக்கியது.

ஏனென்றால் அதே பதிலை நானும் சொல்லியிருந்தேன். 2003இல் மகளுக்கு எட்டு வயது. வரிசையில் பக்கத்தில் நின்ற பிள்ளை அவளுடைய கையைப் பிடிக்க மறுத்துவிட்டது. ஊத்தை ஒட்டிவிடுமாம். “அப்பா, என்ரை கை ஊத்தையா?” என்று கேட்டாள். நான் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். “அது அப்படித்தான் பிள்ளை, நீ கவனமாப் படி” என்றேன். ஆசிரியரிடம் போகவில்லை. வந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே விதித்திருந்தேன்.

துராமுடைய கழக வாழ்க்கை பெரியது. மொனாக்கோவில் ஆர்சென் வெங்கரிடம் தொடக்கம். 1996இல் இத்தாலியின் பார்மா. பஃபோன், கன்னவாரோவோடு 1999இல் யூஈஎஃப்ஏ கிண்ணம். யுவென்ரஸில் 2002, 2003இல் லீக் வெற்றி. இடையில் 2000இல் ஐரோப்பியக் கிண்ணம். 2006இல் பேர்லினில் இறுதியாட்டம் வரை போய், இத்தாலியிடம் பெனால்டியில் தோல்வி. கடைசியாகப் பார்சலோனா. 2008இல் பாரிஸ் சான்-ஜெர்மான் கழகத்தில் சேரப்போனபோது மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் குறை கண்டார்கள். 36 வயதில் ஆட்டம் நின்றது.

ஆனால் நான் அவரை நினைப்பது கிண்ணங்களுக்காக இல்லை. 2005 ஒக்ரோபரில் பாரிஸின் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் பொலிசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பையன்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று கிழமை புறநகரெல்லாம் வாகனங்கள் எரிந்தன. நாங்கள் இருந்த லா கூர்நெவிலும் இரவில் புகை மணத்தது. உள்நாட்டமைச்சராயிருந்த நிக்கொலா சார்க்கோசி புறநகர் இளைஞர் சிலரைக் கழிசடைகள் என்று சொல்லியிருந்தார். அப்போது துராம், தேசிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டே, நானும் புறநகரில் வளர்ந்தவன், அந்தச் சொல் என்னையும் சுடுகிறது என்ற விதமாகப் பதில் பேசினார். நாட்டுக்குக் கிண்ணம் கொடுத்தவர் நன்றிசொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பின்வரிசையில் நிற்பவனுக்குத் தன் பக்கத்து இடைவெளி தெரியும். அதை விட்டு நகரமாட்டான்.

ஆட்டம் நின்ற அதே 2008இல் நிறவாதத்துக்கு எதிரான கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார். பிள்ளை நிறவாதத்தோடு பிறப்பதில்லை, அது வரலாற்றில் உண்டாக்கப்பட்டது, உண்டாக்கியதைக் கலைக்க முடியும் என்கிறார். தாயிடம் கேட்ட கேள்விக்கு அவர் தானே தேடி எடுத்த பதில் அது.

2010இல் அவருடைய ‘என் கறுப்பு நட்சத்திரங்கள்’ வெளிவந்தது. ஆதி மனுஷி லூசி தொடக்கம் பராக் ஒபாமா வரை, பள்ளிப் புத்தகம் சொல்லாத கறுப்பினத்தவரின் வாழ்க்கைகள். பதினைந்து வயது மகள் நூலகத்தில் அதை எடுத்து வந்தாள். அகராதியை வைத்துக்கொண்டு நானும் படித்தேன். ஒருநாள் மேசையில் எதிரே இருந்து சொன்னாள்: “அப்பா, நீங்கள் அண்டைக்கு எனக்குப் பதில் சொல்லேல்லை.” ஏழு வருடம் அந்தக் கையை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.

துராமுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரும் பிரான்சுக்கு ஆடுகிறார்கள். மூத்தவன் மார்க்குஸ் பார்மாவில் பிறந்தவன். கறுப்பினத் தலைவர் மார்க்குஸ் கார்வியின் நினைவாக வைத்த பெயர். 2024 ஜூனில், ஐரோப்பியக் கிண்ணத்தின் நடுவே, வரவிருந்த நாடாளுமன்றத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி வெல்லாமல் இருக்க நாங்கள் போராட வேண்டும் என்று பத்திரிகையாளர் முன் வெளிப்படையாகச் சொன்னான். மகள் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அடுத்த ஞாயிறுகளில் இருவரும் ஒன்றாகவே வாக்களிக்கப் போனோம்.

அவளுடைய பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். பின்னேரம் கூட்டிவரப் போவது நான். வாசலில் காத்து நிற்கையில், சொல்லவேண்டிய பதிலைப் பிரெஞ்சிலும் தமிழிலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.