சத்தத்துக்கு வைத்தியம்

நான் பல் மருத்துவன். வலியே இல்லாமல் வந்த ஒரு பெண்ணின் தாடையைக் கெடுத்தேன். கெடுத்த பிறகு பழியையும் அவர் மேலேயே போட்டேன். முதலாவதற்கு அவசரம் காரணம். இரண்டாவதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

அவர் பள்ளி ஆசிரியை. வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்று கேட்கிறது என்று வந்தார். மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் தாராளமாகத் திறந்தது. தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் மறுபடி அதனடியில் போய் அமரும். அப்போது கேட்பதுதான் அந்த 'டக்'. வலி இல்லாதவரை பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "பயப்படாதீங்க, சும்மா இருக்கும்போது பல்லோடு பல் படாம பாத்துக்கோங்க" என்று அனுப்பியிருக்க வேண்டும்.

நான் அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பு முடித்து வந்திருந்தேன். கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்தும் அக்ரிலிக் தகடு செய்யக் கற்றிருந்தேன். செய்து பார்க்கக் கை பரபரத்தது. நழுவிய வட்டைப் பிடித்துவிடலாம் என்று 1970, 80களில் பலர் நம்பிய முறை அது. இரவும் பகலும் மாதக்கணக்கில் போட்டால் பற்கள் சேரும் விதமே மாறிவிடும் என்பதும், பழைய நிலைக்குத் திரும்ப முடியாத சிகிச்சையில் இறங்காதீர்கள் என்று பின்னால் வந்த எச்சரிக்கைகளும் எனக்குத் தெரியும். படித்திருந்தேன். தெரிந்தும், "சாப்பிடும்போதுகூடக் கழற்றாதீங்க" என்றேன். மாட்டியதும் சத்தம் நின்றது. அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெருமை. மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதிகூடக் குறித்துக் கொடுக்கவில்லை.

பல மாதம் கழித்து வந்தார். "டாக்டர், பின்னாடி பல்லு சேரவே மாட்டேங்குது. கடலைகூட அரைபடலை."

கடவாய்ப் பற்களுக்கு நடுவே, பல் படும் இடத்தில் நிறம் ஒட்டும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கன்னத்துத் தசை புடைக்க இறுக்கிக் கடித்தார். தாளை இழுத்தேன். எங்கும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பல்லில் ஒரு புள்ளி நீலம் இல்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். முன்பற்களில் மட்டும் நீலம் அப்பிக்கொண்டது. மெல்லும் வேலை முழுவதும் அந்த நாலைந்து பற்களின் தலையில் விழுந்திருந்தது.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ராத்திரி மட்டும் போடச் சொன்னேனே, பகல்லயும் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போய், "எனக்குத்தான் சரியா புரியலை போல, மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்றார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது வலியோடு வருகிற, இரவில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு மட்டும் தகடு கொடுக்கிறேன். எல்லாப் பற்களையும் மூடும் தட்டையான தகடு, தூங்கும்போது மட்டும். இது தசைக்கு ஓய்வு தரலாம், மூட்டை மாற்றி அமைக்காது என்று முதலிலேயே சொல்கிறேன். குறித்த நாளில் வராதவர்களை போன் செய்து வரவழைக்கிறேன். அந்த ஆசிரியைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வேறொரு மருத்துவரிடம் கடவாய்ப் பற்களுக்கு உறை போட்டு உயர்த்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் செலவு என்னுடையது, கட்டியவர் அவர். அவருடைய சிகிச்சை அட்டையில், "அறிவுரைப்படி அணியவில்லை" என்று அன்று எழுதினேன். அது பொய். நான் சொன்னதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தவர் அவர்.