ஆத்தங்கரையில ஒரு டிராகன் பஞ்சாயத்து!

நெல்லைக்கு வந்தா அல்வாவோட கிளம்பிடாதீங்க பாஸ். சாயங்காலம் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில கொஞ்சம் உட்காருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல கோயிலையே முழுங்குன தாமிரபரணி, மத்த நாள்ல சாதுவா ஓடும். பக்கத்துல செல்லும் கையுமா ரெண்டு பசங்க மல்லுக்கட்டுறாங்களா? காதைக் கொடுங்க.

'கென்ஷின் இம்பாக்ட்' ஆன்லைன் கேம்ல நூவிலெட்னு ஒரு நீர் டிராகன். சுத்திச் சுத்தித் தண்ணி பீய்ச்சியே எதிரிகளைக் காலி பண்ணுவார். 2024 ஜனவரி கடைசியில, அந்தச் சுத்துற வேகத்துக்குச் சீனக் கம்பெனி கடிவாளம் போட்டது. ரசிகர்கள் கொதிக்க, பிப்ரவரியிலேயே பின்வாங்கி, 1600 ப்ரைமோஜெம் நஷ்டஈடும் தந்தது.

"ஒருத்தனே எல்லாரையும் அடிச்சா, மத்த கேரக்டர் எதுக்குல?"

"எலேய், பாக்கெட் மணியைப் போட்டுக் குலுக்கல்ல எடுத்தவன் இளிச்சவாயனா?"

என் ஓட்டு ரெண்டாமவனுக்கு. காசை வாங்கிட்டு அப்புறம் சரக்குல கை வைக்கிறது போங்காட்டம்!

இருட்டினா ரெண்டு பேரும் ஒரே பைக்ல கிளம்பிடுவாங்க. படியில பாசி வழுக்கும், பார்த்து எந்திரிங்க.