ஒரு பழைய புக், ஒரு கத்தரிக்கோல்... திருப்புட்குழிக்கு ஒரு ரவுண்ட்!

ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. தூசி படிஞ்சு, அட்டை கிழிஞ்சு, மூணாவது செமஸ்டர்ல உங்களை அழ வெச்ச கைடு ஒண்ணு கிடக்கும். சிலபஸ் மாறிடுச்சு, ஜூனியரும் வாங்க மாட்டான். எடைக்குப் போட்டா டீ செலவுக்குக்கூட தேறாது. போடாதீங்க பாஸ்! அதைப் பையில போட்டுக்கிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊருக்குக் கிளம்புங்க. திரும்பி வரும்போது அந்தப் புத்தகம் வேற ஏதோ ஒண்ணா மாற ஆரம்பிச்சிருக்கும்.

பழைய புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்கள் மேலேயே வரைஞ்சு, ஒட்டி, வெட்டி, தைச்சுப் புதுசா ஒரு கலைப்பொருளாக்குறதுக்கு 'ஆல்டர்டு புக்'னு பேர். பேப்பர், துணி, இலை, நூல், பெயின்ட் எல்லாம் ஒரே பக்கத்துல கூட்டணி சேர்ந்தா அது 'மிக்ஸட் மீடியா கொலாஜ்'. 'கொலாஜ்' என்பது 'ஒட்டுவது' என்ற பொருள் தரும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. பேரு வெளிநாடா இருக்கே தவிர, விஷயம் நம்ம வீட்டு விஷயம்தான். தஞ்சாவூர் ஓவியத்தைப் பாருங்க. பலகை மேல துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, கல் பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டுறாங்க. பக்கா மிக்ஸட் மீடியா! ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் ஆரம்பிச்ச பிறகு வீடு வீடா வந்த சாமி படங்களுக்கு ஜரிகையும் சமிக்கியும் வெச்சு ஒட்டிப் புடவை கட்டிவிட்ட பாட்டிகள் எல்லாரும் நமக்கு சீனியர்ஸ்.

சரி, இதுக்கு ஏன் திருப்புட்குழி? சொல்றேன், வாங்க.

புள் + குழி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போற சாலையில் சுமார் 13 கிலோமீட்டர். பாலுசெட்டிச்சத்திரத்துல இறங்கினா நடக்கிற தூரம்தான். 108 திவ்ய தேசங்களில் ஒண்ணான விஜயராகவப் பெருமாள் கோயில்தான் ஊரோட அடையாளம். திருமங்கையாழ்வார் பாடின தலம்.

'புள்'னா பறவை. அந்தப் பறவை ஜடாயு. சீதையைக் காப்பாத்தப் போய் ராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செஞ்ச குழி இதுன்னு தல வரலாறு சொல்லுது. கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம். 'இதே கதையை வைத்தீஸ்வரன்கோயில்லயும் கேட்டிருக்கேனே'ன்னு கேப்பீங்க. ஆமாம், அந்த ஊரின் பழைய பேரே புள்ளிருக்குவேளூர். கும்பகோணம் பக்கத்துல புள்ளபூதங்குடி, ஆந்திராவுல லேபாக்ஷி, கேரளாவுல சடையமங்கலம்னு அந்த ஒரு பறவையைப் பல ஊர்க்காரங்க தங்கள் மண்ணுல ஒட்டி வெச்சிருக்காங்க. ஒரே படம், பல பக்கம். நாட்டையே ஒரு கொலாஜ் நோட்டா நினைச்சுக்கோங்களேன்!

இங்கே இன்னொரு அதிசயம் 'கீல் குதிரை'. பாகம் பாகமா செஞ்சு கீல் வெச்சுக் கோத்த குதிரை வாகனம். நிஜக் குதிரை மாதிரியே அசையும்னு பேர் வாங்கினது. இதே மாதிரி இன்னொண்ணை வேற யாருக்கும் செஞ்சு தர மாட்டேன்னு சிற்பி மறுத்துட்டார்னு ஊர்ல கதை உண்டு. உங்க புத்தகத்துல படம் எழுந்து நிக்கணும், கதவு திறக்கணும்னா இதே டெக்னிக்தான். ரெண்டு அட்டைத் துண்டுக்கு நடுவுல ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு, பின்னாடி மெல்லிய துணிப்பட்டை ஒட்டுங்க. அவ்வளவுதான், கீல் ரெடி!

தாயார் பேர் மரகதவல்லி. வறுத்த பயறை மடியில கட்டிக்கிட்டுப் படுத்து, காலையில அது முளைச்சிருந்தா குழந்தை பிறக்கும்னு இங்கே வர்ற பெண்கள்கிட்ட ஒரு நம்பிக்கை. வறுத்தது முளைக்குமான்னு பாட்டனி லேப்ல கேக்காதீங்க. 'முடிஞ்சு போச்சு'ன்னு எல்லாரும் சொன்ன ஒண்ணுலேருந்து உயிர் எதிர்பார்க்கிற மனசை மட்டும் பாருங்க. எடைக்குப் போக வேண்டிய புத்தகத்தைக் கையில வெச்சிருக்கிற உங்களுக்கு அது புரியும்.

எழுத்தை மாத்தாமலே புத்தகத்தை மாத்தினவர்

நிஜமான காரணத்துக்கு இப்பதான் வர்றோம். 1017-ல் பிறந்தவர்னு சொல்லப்படுற ராமானுஜர், இளம் வயசுல யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் வேதாந்தம் படிச்சது இந்தத் திருப்புட்குழியிலதான் என்பது வைணவ மரபு. ஸ்டூடன்ட் ராமானுஜர்! இன்னிக்கு நம்ம வயசு.

ஒரு நாள் சாந்தோக்கிய உபநிஷதத்துல இறைவனின் கண்களை வர்ணிக்கிற இடம் பாடம். அங்கே 'கப்யாஸம்'னு ஒரு சொல். ஆசிரியர் அதை 'கபி', 'ஆஸம்'னு பிரிச்சு, குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரைன்னு பொருள் சொன்னாராம். குருவுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்த மாணவனின் கண்ணுலேருந்து சூடா ஒரு சொட்டு அவர் தொடையில விழுந்தது. 'என்னப்பா அழறே?'ன்னு கேட்டப்போ, மாணவன் வேற பொருள் சொன்னார். 'கம்' என்றால் நீர். அதைக் குடிக்கிறவன் 'கபி', அதாவது சூரியன். ஆகவே சூரியனால் மலர்ந்த தாமரை.

கவனிச்சீங்களா? ஓர் எழுத்தைக்கூட அவர் அழிக்கலை, சேர்க்கலை. அதே சொல்தான். வெட்டுற இடத்தை மாத்தினார், படம் மாறிடுச்சு. குரங்கு போய்ச் சூரியன் வந்துடுச்சு!

இதுக்கு அவர் கொடுத்த விலையும் சின்னதில்லை. குருவுக்கும் சீடனுக்கும் விரிசல் பெருசாகி, காசி யாத்திரைன்னு அழைச்சுட்டுப் போய் வழியிலேயே ராமானுஜரை ஒழிச்சுக்கட்டத் திட்டம் போட்டாங்கன்னும், உறவுக்காரரான கோவிந்தர் எச்சரிச்சதால தப்பிச்சார்னும் குருபரம்பரை நூல்கள் சொல்லுது. பிற்காலத்துல அந்த யாதவப்பிரகாசரே ராமானுஜருக்குச் சீடரானார்னும் அதே நூல்கள் சொல்லுது. கிளாஸ்ல கை தூக்கி 'சார், இதுக்கு வேற அர்த்தம் இருக்கே'ன்னு சொல்லத் தயங்குற நம்ம எல்லாருக்கும் இந்த ஊர்ல ஒரு செய்தி இருக்கு.

மூணு பென்ஸ் நாவல்

இப்ப லண்டன். 1966. டாம் ஃபிலிப்ஸ்னு ஒரு ஓவியர், கண்ணுல படுற முதல் மூணு பென்ஸ் புத்தகத்தை வாங்கி அதுலேயே வேலை செய்யணும்னு முடிவு பண்ணினார். கிடைச்சது டபிள்யூ.எச்.மாலக் 1892-ல் எழுதின, யாரும் ஞாபகம் வெச்சிருக்காத நாவல், 'எ ஹியூமன் டாக்குமென்ட்'. ஒவ்வொரு பக்கத்துலயும் சில சொற்களை மட்டும் விட்டுட்டு மத்ததை வண்ணம் பூசி மறைச்சார். மிஞ்சின சொற்கள் சேர்ந்து வேற ஒரு கதை பேசுச்சு. தலைப்பையே மடிச்சு 'எ ஹியூமுமென்ட்' ஆக்கினார். கடைசிப் பதிப்பு வந்தது 2016-ல். ஐம்பது வருஷம், ஒரே புத்தகம்! 2022-ல் அவர் காலமானார்.

'எனக்கு டிராயிங் வராதே'ன்னு தப்பிக்கப் பாக்காதீங்க. சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜிக்கு ஒரு கட்டத்துல பார்வை முழுசா போச்சு. அப்புறமும் கையாலயே தடவிப் பார்த்து வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி கொலாஜ் செஞ்சார். அவரைப் பத்தி சத்யஜித் ரே 1972-ல் எடுத்த 'தி இன்னர் ஐ' குறும்படத்தைத் தேடிப் பாருங்க. அப்புறம் சாக்கு சொல்ல வராது.

என்ன பொறுக்கலாம்?

கோயில்லேருந்து எதையும் எடுக்காதீங்க. கல்வெட்டு மேல பேப்பர் வெச்சுப் பென்சில் தேய்க்கிற வேலையும் வேணாம். குளக்கரையில உக்காந்து அஞ்சு நிமிஷக் கோட்டோவியம் ஒண்ணு போடுங்க. கீழே விழுந்த இலை, பூக்கடை வாழைநார், டீக்கடையில பஜ்ஜி மடிச்ச பேப்பர் (எண்ணெய் இல்லாத பக்கம்!) எல்லாம் சரக்குதான்.

காஞ்சிபுரம் வழியாத்தானே திரும்பணும்? அங்கே நெசவு நடக்கிற தெருக்கள்ல பட்டு நூல் கழிவு, ஜரிகைத் துணுக்கு கேட்டுப் பாருங்க. டிசைன் நெய்யப் பயன்படுற, ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டை பழசா ஒண்ணு கிடைச்சா ஜாக்பாட். அதுவே ஒரு புத்தகம்தான். ஓட்டை இருக்கா, இல்லையாங்கிற ரெண்டே எழுத்துல ஒரு மயிலையோ அன்னத்தையோ எழுதி வெச்சிருக்கும். காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டா மந்தாரை இலையைக் கழுவி, நோட்டுக்குள்ள வெச்சுக் காய விடுங்க. நேரமிருந்தா சுமார் 30 கிலோமீட்டர்ல உத்திரமேரூர். ஓலைச்சீட்டுல பேர் எழுதிக் குடத்துல போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை, முதலாம் பராந்தகன் காலத்துல, கி.பி. 920-ஐ ஒட்டி, கோயில் சுவர்லயே வெட்டி வெச்சிருக்காங்க. பக்கம்னா காகிதமாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது?

ஒரு உஷார்: மிஷின்ல வர்ற பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் வெப்பத்துல அச்சாகிற தாள். சில மாசத்துல வெளுத்துடும். ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்க.

வீட்டுக்கு வந்தாச்சு

கெட்டி அட்டையும் தையல் பைண்டிங்கும் இருக்கிற புத்தகமே பெஸ்ட். பசையில மட்டும் ஒட்டினது சீக்கிரம் கழண்டுடும். முதல்ல மூணு, நாலு தாளுக்கு ஒண்ணா, ஓரத்துல அரை இன்ச் விட்டு வெட்டி எடுங்க. இல்லேன்னா நீங்க ஒட்ட ஒட்டப் புத்தகம் வாய் பிளந்துடும். மிஞ்சின தாள்களை ரெண்டு ரெண்டா சேர்த்து ஒட்டினா பக்கம் கெட்டியாகும். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி, பிரஷ்ஷால மெல்லிசா தடவுங்க. பழைய ஏ.டி.எம். கார்டால நடுவுலேருந்து வெளிப்பக்கமா இழுத்தா காத்துக் குமிழ் போயிடும். பக்கங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வெச்சு, மேல டிக்‌ஷனரி ரெண்டை ஏத்தி ஒரு ராத்திரி விடுங்க.

எழுத்து தெரியக்கூடாதுன்னா வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட்டிங். பாதி தெரியணும்னா டிஷ்யூ பேப்பர். சில சொற்கள் மட்டும் தெரியணுமா? முதல்ல பென்சிலால அதைச் சுத்தி வட்டம் போட்டுட்டு மத்ததை மறைங்க. உங்க தெர்மோடைனமிக்ஸ் கைடுக்குள்ள ஒரு காதல் கடிதம் ஒளிஞ்சிருக்கலாம், யார் கண்டா!

மைதா பசை காய்ச்சுறவங்களுக்கு: அதுக்குப் பூச்சி வரும். பைண்டிங் செய்யுறவங்க மயில்துத்தம் கலப்பாங்க. ஆனா அது விஷம். வீட்டு அடுப்படியில வேண்டவே வேணாம்.

வெட்டுறதுக்கு முன்னாடி...

ஒரே ஒரு நிமிஷம். லைப்ரரி புக்கைத் தொடாதீங்க, அது உங்களுடையது இல்லை. தாத்தா டைரி, கையெழுத்து நோட்டு, ஓலைச்சுவடி, அந்தக் காலத்துப் பஞ்சாங்கம், நாடக நோட்டீஸ், இதுல எதுலயும் கத்தரி படக்கூடாது. ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆத்துல விட்டவங்களைப் பத்தி உ.வே.சா. வேதனையோட எழுதியிருக்கார். 'பழசு, வேஸ்ட்'னு நினைச்சுத்தான் அவங்களும் விட்டாங்க. இன்னொரு பக்கம், கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோட கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வரைக்கும் சேர்த்து வெச்சார். அதை வெச்சுத்தான் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க உள்ள ஆராய்ச்சியாளர்கள் சென்னைக்கு வந்து அதைப் படிக்கிறாங்க.

அதனால ரூல் சிம்பிள். அந்தப் புத்தகம் இன்னும் ஆயிரம் பேர்கிட்ட இருக்கா? தாராளமா வெட்டுங்க. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணா இருக்கலாமோன்னு ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும், ஸ்கேன் எடுத்து பிரிண்ட்டை வெட்டுங்க. மூலம் அப்படியே இருக்கட்டும். ராமானுஜரும் ஓலையைக் கிழிக்கலையே! படிக்கிற விதத்தைத்தானே மாத்தினார்?

கிளம்புறதுக்கு முன்னாடி அந்தக் கைடை இன்னொரு தடவை புரட்டிப் பாருங்க. மார்க்குக்காகத்தானே இவ்வளவு நாளும் படிச்சீங்க? இந்தத் தடவை உங்களுக்காகப் படிங்க. முதல் பக்கத்துல தேதியும் 'திருப்புட்குழி'ன்னு ஊர் பேரும் எழுத மறந்துடாதீங்க, ஃப்ரெண்ட்ஸ்!