முதற் குப்பி

குடித்தறியாத ஒருவனை மதுக்குப்பி தேர்ந்தெடுக்க அனுப்புவது, நீந்தத் தெரியாதவனைத் துடுப்பு வாங்க அனுப்புவது போன்றது. ஆயினும் சென்ற ஆண்டு அப்பணி நம் தலையில் விழுந்தது. சங்க மலரில் இப்படியும் ஒரு பொருளா என்று அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. முழுவதும் படித்தபின் தீர்ப்பு வழங்கலாம்.

தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்க் காலந்தள்ளி வருகிறோம். நம் பிரிவு அதிகாரி கட்வால் மலைநாட்டவர். ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது. மூன்று பெண்களைப் படிக்கவைத்து மணமுடித்துக் கொடுத்த அம்மனிதர், ஒருநாள் தேநீர் வேளையில், "வாழ்நாளில் ஒருமுறையேனும் நல்ல சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தார். பிரிவில் பதினான்கு பேர். ஆளுக்கு நானூறு ரூபாய் திரண்டது. "குடிக்காதவரிடம் இருந்தால்தான் பணம் பத்திரம்" என்று அதை நம்மிடம் ஒப்படைத்தனர். வாங்கும் பொறுப்பும் உடன் வந்தது.

நாம் குடிக்காததற்கு ஒழுக்கத்தைவிட அச்சமே காரணம். எண்பதுகளில் நம் சிற்றூரில் சாராயக் கடை இருந்தது. தந்தையார் தறி நெய்தவர். கூலி கிடைக்கும் சனிக்கிழமை இரவுகளில் அம்மாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அவரைத் தேடிச் சென்றதுண்டு. அவர் சட்டையில் வீசிய நெடிதான் நாம் அறிந்த மது. நாற்பத்திரண்டாம் வயதில் அவர் போய்விட்டார். அந்த வயதை நாம் கடந்த நாளில் அம்மா கோயிலுக்குப் போய் வந்தாள். ஏனென்று நாம் கேட்கவில்லை.

எதையும் கோப்பாக்கினால்தான் எழுத்தனுக்குத் தெளிவு பிறக்கும். நூலகத்தில் புரட்டியும், அறிந்த நண்பர்களிடம் கேட்டும் குறிப்பெடுத்தோம். மால்ட் என்றதும் நமக்குக் கேழ்வரகு மால்ட் நினைவுக்கு வருமல்லவா? அடிப்படை அதுவே. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்துப் புளிக்கவைத்துச் செப்பு வாலைகளில் வடிக்கிறார்கள். சிங்கிள் என்பது ஒரே பீப்பாய் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரே வடிசாலையில் ஆனது என்பதே பொருள். ஸ்காட்லாந்து மண்ணிலேயே ஓக் மரப் பீப்பாயில் மூன்றாண்டுகளேனும் கிடக்க வேண்டும் என்றும், புட்டியில் அடைக்கும்போது சாராயச் சத்து 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும் 2009ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிகள் கூறுகின்றன.

நண்பர்களின் யோசனைகளோ பலவிதம். "ஐலா தீவுச் சரக்கே சரக்கு" என்றார் ஒருவர். அங்கே சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்னும் மட்கிய மண்கட்டியை எரித்து, அப்புகையில் பார்லியை உலர்த்துவது வழக்கம். லாஃப்ரோய்க் போன்றவற்றில் புகையோடு அயோடின் மணமும் உண்டு என்பர். பழகியவர்க்கு அது அமுதமாகலாம். முதன்முறை முகர்பவர்க்கு மருத்துவமனை வராந்தா நினைவுக்கு வரும். அதனை விலக்கினோம்.

"பதினெட்டு ஆண்டு பழையது வாங்குங்கள்" என்றார் மற்றொருவர். புட்டியின்மேல் உள்ள எண், அதில் கலந்தவற்றுள் மிக இளையதின் வயது. ஆண்டு கூடக்கூட மரத்தின் துவர்ப்பும் கூடும். விலையோ சொல்லி மாளாது. அரிச்சுவடி படிப்பவனுக்குத் தொல்காப்பிய உரை எதற்கு? பன்னிரண்டு போதும் என்று எழுதினோம். நீர் கலக்காமல் பீப்பாயின் முழு வீரியத்தோடு அடைப்பவையும் உண்டு; அவற்றில் சத்து பல நேரம் 55 விழுக்காட்டைத் தாண்டும். நாக்கு எரிந்தபின் சுவை எங்கே தெரியும்? 40 விழுக்காடே தகும் என்று அடுத்த குறிப்பு.

எஞ்சியவை ஸ்பே ஆற்றுப் பகுதியின் மென்மையான வகைகள். கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் இரண்டும் இறுதிக்கு வந்தன. கிளென்ஃபிடிக் சாலையை நிறுவிய வில்லியம் கிராண்ட், அதற்குமுன் வேறொரு வடிசாலையில் கணக்கெழுதியவராம். சொந்தச் சாலையில் முதன்முதலாக வடித்தது 1887ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில். கணக்கெழுதியவர் என்றதும் நம் பேனா தானே அப்பக்கம் சாய்ந்தது என்பதை மறைப்பானேன்?

மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லையென 2023 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் கூறியதையும் கோப்பின் கடைசியில் குறித்து வைத்தோம். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22ஆம் விதி, அரசு ஊழியர் பொது இடத்தில் மது அருந்துவதைத் தடுக்கிறது. ஆகவே பரிசை அவர் இல்லத்திலேயே அளிப்பதென முடிவாயிற்று.

முந்தைய மாலை, வாழ்வில் முதன்முறையாக மதுக்கடைப் படியேறினோம். வாங்கிய குப்பி அன்றிரவு நம் குவார்ட்டர்ஸில் தங்க வேண்டியதாயிற்று. அலமாரியில் வேட்டிகளுக்கடியில் வைத்ததை அம்மா பார்த்துவிட்டாள். விவரம் சொன்னோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"அந்த மனுஷனுக்குப் பெண்கள் இருக்காங்களா?"

"மூணு பேர். எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு."

"அப்ப கொண்டுபோய்க் குடு. தெருவுல விழ மாட்டார்."

மறுநாள் மாலை அவர் இல்லத்தில் குப்பி திறக்கப்பட்டது. 30 மில்லி மட்டும் ஊற்றிக்கொண்டு, நாம் சொல்லியபடி ஒரு தேக்கரண்டி நீர் சேர்த்து, முதலில் முகர்ந்தார். "எங்கள் ஊர்ப் பேரிக்காய்!" என்றார் வியந்து. கோப்பையை நம்மிடம் நீட்டினார். குடிக்கவில்லை, முகர்ந்தோம். அந்தச் சட்டையின் நெடி வரும் என்று அஞ்சியிருந்தோம். வரவில்லை. ஏதோ பழம், கொஞ்சம் தேன், ஈரமரம். அவர் அந்த முப்பது மில்லியை முக்கால் மணி நேரம் வைத்திருந்து முடித்து, குப்பியை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

வீடு திரும்பியபோது அம்மா விழித்திருந்தாள். "எவ்வளவு குடிச்சார்?" என்றாள். மருந்துச் சங்களவு என்று விரலால் காட்டினோம். விளக்கை அணைத்தபின் இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்கும் யாராச்சும் அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? சனிக்கிழமைக் கூலியோடு வரும் தறிக்காரனுக்கு அந்தக் கடையில் மெல்லக் குடிக்க நேரமேது, முகர்ந்து பார்க்க அந்தச் சாராயத்தில்தான் என்ன இருந்தது? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டோம்.