கூட்டை மறைத்த இலைகள்

இவ் யூபிலி மலருக்குப் புகைப்படம் ஒன்று வேண்டுமென்றும், அது எமது பழைய பறவைக்கூட்டுப் படமாகவே இருத்தல் நன்றென்றும் மலர்க்குழுவினர் கேட்டனர். அப்படத்தைக் கொடுக்க யாம் உடன்படவில்லை. அதனைச் செருக்கென்று அன்பர்கள் கொள்ளாதிருத்தற் பொருட்டும், கமராவுடன் காடு கழனி நோக்கிப் புறப்படும் மாணவர்க்குச் சிறிது பயன்படுமென்ற எண்ணத்தாலும் இதனை எழுதுகின்றோம். தமிழாசிரியனுக்குக் கமராவோடு என்ன உறவு என நகைப்போரும் உளர். நகைக்கட்டும்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துப் பிலிமத்தலாவையில் வாடகை வீடொன்றிற் குடிபுகுந்த காலம் அது. 2005 ஆம் ஆண்டு. நண்பர் ஒருவரிடம் பழைய பிலிம் கமரா ஒன்றை விலைக்கு வாங்கினோம். சுருள் ஒன்றுக்கு 36 படங்கள். கழுவிப் பார்க்கக் கண்டிக்குச் செல்லல் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு படமும் காசாகவே எமக்குத் தோன்றியது.

வீட்டு வேலியிலே கொண்டைக்குருவிகள் இரண்டு கூடு கட்டியிருந்தன. குஞ்சுகளும் இரண்டு. கூட்டின்மேல் இலைகள் கவிந்திருந்தமையால் உள்ளே ஒளி போதவில்லை. யாம் செய்தது இதுதான்: தையல் நூலெடுத்து அவ்விலைகளை ஒருபுறமாக இழுத்துக் கட்டினோம். காலை வெயில் கூட்டினுள் விழுந்தது. குஞ்சுகள் வாய் திறந்தன. தாய்ப்பறவை பலமுறை வந்து தயங்கி, ஈற்றில் இரையோடு இறங்கியது. பதினொரு படங்கள் எடுத்தோம். பாடசாலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினோம். நூலை அவிழ்க்க மறந்தோம்.

மாலையில் வந்து பார்த்தபோது கூடு வெறுமையாக இருந்தது. எமக்கு வழி காட்டிய வெளிச்சம் காகத்துக்கும் காட்டியிருந்தது. தாய்ப்பறவை அலகில் இரையுடன் வேலியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அப்படம் பின்னர் ஒரு கண்காட்சியிற் பரிசு பெற்றது. பாராட்டியவர்களிடம் யாம் நூலைப்பற்றிச் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கின்றோம்.

இலைகள் கூட்டை அழகுக்காக மறைப்பனவல்ல. சிறகு முளையாத குஞ்சு வெயிலையும் மழையையும் தாங்காது. பகையின் கண்ணுக்கும் அது தப்பவேண்டும். ஒரு சிறு கிளையை விலக்குவதும் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். இதனை அறிந்தோர் தம்மை மறைத்துக்கொண்டனரேயன்றிக் கூட்டைத் திறக்கவில்லை. இங்கிலாந்திலே கேர்ட்டன் சகோதரர்கள் 1900 ஆம் ஆண்டில் எருதின் தோலைச் சட்டத்தின்மேற் போர்த்துப் பொய்யெருது செய்து, அதன் வயிற்றுள் கமராவோடு ஒளிந்திருந்து பறவைகளைப் படம்பிடித்தனர். நம்மவருள்ளும் ஒருவர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கமராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு பெருங்கமரா அமைத்து, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமாக்கியவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் தாம் மறையும்வரை இயற்கைபற்றி எழுதிவந்தார்; தமிழிலும் எழுதினார். நல்ல தமிழும் நல்ல படமும் ஒருவரிடமே கூடியிருந்தமை எம்போன்றோர்க்கு ஆறுதல். விலையுயர்ந்த வில்லை இல்லையே என வருந்தும் மாணவர் அவர் வரலாற்றைத் தேடிப் படிப்பாராக.

இப்பொழுது சனிக்கிழமைகளில் மாணவர் சிலரைக் கடலாதெனிய விகாரைக்கு அழைத்துச் செல்கின்றோம். 1344 ஆம் ஆண்டிலே கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் அமைப்பில் எழுந்த கற்கோயில் அது. காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயிலில் தூணின் ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து நிற்கும். பதினொரு மணிக்கு அதே தூண் வெறுங்கல்லாகிவிடும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக இருத்தலின் ஞாயிறு விரைந்து மேலேறுகிறது. நல்லொளி சிறிது நேரமே நிற்கும். சோம்பலுடையார்க்கு இக்கலை உதவாது.

அங்குள்ள பாறைச்சுனையில் அல்லிப்பூவை நின்றபடியே எடுத்த மாணவன் ஒருவனை முழந்தாளிட்டு நீர்மட்டத்திற்குக் கமராவைத் தாழ்த்தச் சொன்னோம். காற்சட்டை நனைந்தது, படம் பிழைத்தது. கைத்தொலைபேசியில் விரல்களால் உருவைப் பெருப்பித்தாற் பறவை அண்மையில் வருவதில்லை. பெரும்பாலும் படத்தின் ஓரங்களே வெட்டுப்படுகின்றன. கரிய சேற்றில் நிற்கும் வெண்கொக்கை எடுக்கையில் ஒளியைச் சற்றுக் குறைத்தல் வேண்டும், இன்றேல் இறகெல்லாம் ஒரே வெள்ளையாகும். பனிமூட்டத்துக்கு நேர்மாறு: கமரா வெண்மையைச் சாம்பலாக்கும் இயல்பினது; ஆதலால் ஒளியைக் கூட்டுக. மற்றையவை பழக்கத்தால் வரும்.

கூட்டைக் கண்டாற் கமரா பைக்குள் போகவேண்டும் என்பது எங்கள் நடையின் ஒரே சட்டம். "சேர், தள்ளி நின்றாற் குஞ்சு தெரியாதே?" என்று ஒருவன் கேட்டான்.

"தெரியாதுதான்" என்றோம். அவனுக்கு அது விடையாகப் படவில்லை. அன்று திரும்பும் வழியில் நூலின் கதையை அவனுக்கும் சொல்லியிருக்கலாம், துணிவு வரவில்லை. இம்மலரில் அவன் அதனைப் படிக்கட்டும்.

மலர்க்குழுவினருக்கு யாம் வேறொரு படத்தை அனுப்பியுள்ளோம். தை மாதத்து விடியலொன்றிற் புகையிரதப் பாதையை அடுத்த வயலோரத்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்று எடுத்தது. பனி, இரண்டு வரப்புகள், அப்பாற் கடுகண்ணாவைப் பக்கத்து மலை. வேறொன்றுமில்லை. அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வலப்புற ஓரத்திற் காணப்படும் சிறு வெள்ளைப் புள்ளியை மாசென்று கருதி அழித்துவிடாதீர்கள். அது கொக்கு.