முறைத் தண்ணீர்

ஓமன் நாட்டு நிஜ்வாவிலிருந்து சற்றுத் தொலைவில், பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில், வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு வெள்ளிக்கிழமையன்று, வெட்டவெளியில் தனியாக நட்டிருந்த ஒரு கம்பத்தைக் கண்டேன். அதில் கொடியும் இல்லை, விளக்கும் இல்லை. அதன் நிழல் விழும் தரையில் மட்டும், யாரோ நிதானமாக அளந்து பதித்தவை போல, சிறு கற்கள் வரிசையாகக் கிடந்தன. மஸ்கட்டில் ஐந்து நாட்கள் கணக்கு வேலை பார்த்துவிட்டு, வார விடுமுறை நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓமனின் மலைகளையும் கோட்டைகளையும் தேடிப் போவதைப் பல வருஷங்களாக நியமமாகக் கொண்டவன் நான். காலையில் நிஜ்வாச் சந்தையில், ஆடுகளைக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்திக்கொண்டே விலை கூவுகிற விற்பனையைப் படமெடுத்து முடித்திருந்தேன். நண்பகல் ஒளியில் முகங்கள் எல்லாம் கண்குழி இருண்டு விகாரப்படும் என்பதால், அந்நேரத்தில் காமிராவைப் பைக்குள் வைத்துவிடுவதே என் வழக்கம். அன்றைக்கு அந்தக் கம்பத்தின் கட்டைநிழல் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

ஜும்மாத் தொழுகை முடிந்து மனிதர்கள் வீடு திரும்பும் சமயம் அது. வெள்ளை ஜிப்பாவும் குல்லாவுமாக வேகமாக வந்த ஒருவர், கம்பத்தருகே நின்று நிழலைப் பார்த்தார்; திருப்தியடைந்தவராய் வாய்க்காலை நோக்கி நடந்தார். வங்காள தேசத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது அவருடைய ஹிந்தியிலிருந்து தெரிந்தது. அவருடைய முதலாளியின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் முறை அப்போதுதான் தொடங்குகிறதாம். அதை அறிவிப்பது அந்த நிழலாம்.

அந்த வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர். மலையடிவாரத்து நிலத்தடி நீரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் பூமிக்கடியிலேயே சுரங்கம் குடைந்து, எந்த யந்திரத்தின் உதவியுமின்றித் தண்ணீர் தானாகவே நடந்து ஊருக்கு வந்து சேரும்படி முன்னோர் செய்த ஏற்பாடு அது. நபி சுலைமான் இத்தேசத்துக்கு வந்தபோது ஜின்களை ஏவி, நாளொன்றுக்கு ஆயிரமாகப் பத்து நாட்களில் இவற்றைத் தோண்டுவித்தார் என்பது அங்குள்ள ஐதிகம். ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் ஐந்தை 2006-ஆம் வருஷம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிப்பதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும். அதன் பின்னரே தோட்டங்களுக்கு. தோட்டப் பங்கை அளக்கும் அலகுக்கு அதர் என்று பெயர். அது சுமார் அரைமணி நேரம். நிலத்தைப் போலவே அதரையும் விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பகலில் கம்பத்தின் நிழலாலும் இரவில் நட்சத்திரங்களின் உதயத்தாலும் அளந்து வந்த இக்காலத்தை இப்போது பல ஊர்களில் கைக்கடிகாரத்தால் அளக்கிறார்கள். நான் போன ஊரில் நிழலுக்கு இன்னும் மதிப்பு இருந்தது.

அந்த நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நாற்பது வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து களத்துமேட்டுக்கு இறங்கிப் போகும் தாத்தா என் ஞாபகத்துக்கு வந்தார். தாத்தாவிடம் கடிகாரம் இல்லை. கீழே கிடக்கும் ஒரு துரும்பை எடுத்து, தம் விரற்கடையால் பதினாறு அளந்து கிள்ளி, அதை மடித்து ஒரு பகுதி தரையில் படியவும் மறுபகுதி செங்குத்தாக நிற்கவும் வைப்பார்; நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும் வரையில், மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பார். தொட்டதும், நிற்பது எத்தனை விரற்கடை என்று எண்ணுவார். முற்பகலானால் உதயமாகி அத்தனை நாழிகை. பிற்பகலானால் அஸ்தமனத்துக்கு இன்னும் அத்தனை நாழிகை. ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிஷம். குளத்தில் தண்ணீர் குறைந்த தை, மாசி மாதங்களில் வயலுக்கு வயல் நாழிகைக் கணக்கில்தான் முறைத் தண்ணீர் விடுவார்கள். ஓர் இரவு, உடம்பு அனலாகக் கொதிக்கும் காய்ச்சலோடு, அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்து மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு அவர் புறப்பட்டபோது, பாட்டி வாசலை மறித்து நின்று அழுதாள். "நம்ம முறைக்கு நாம போகாட்டா தண்ணி நமக்காகக் காத்துக் கிடக்குமா?" என்று கேட்டுவிட்டு அவர் நடந்தார். வரப்பில் அவர் பின்னால் நடந்த எனக்கு, மேற்கே சாய்ந்திருந்த அறுமீன் கூட்டத்தைக் காட்டி, அது இறங்குவதற்குள் மடையைத் திறந்துவிட வேண்டும் என்றார். அந்த அறுமீனை அரபியில் துரையா என்று அழைக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு மஸ்கட்டில் அறிந்தபோது, தூரதேசத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த ஆனந்தம் எனக்கு உண்டாயிற்று.

நிழலை நம்பியிருக்கும் என் காமிராக் கலைக்குத் தமிழில் புகைப்படம் என்றும் ஒளிப்படம் என்றும் பெயர்கள் உண்டு. ஆயினும் நிழற்படம் என்ற சொல்லே எனக்கு மிகவும் பிரியமானது. ஒளி எங்கும் ஒன்றுபோல் பரவுகிறது. இந்த இடம், இந்த நாள், இந்த நாழிகை என்று குறிப்பிட்டுச் சொல்வது நிழல்தான். சுவரில் விழுந்த நிழலின் நீளத்தைக் கொண்டே, என் பழைய படங்களில் பலவற்றை எந்தப் பொழுதில் எடுத்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடிகிறது.

அந்த வங்காள நண்பர் சேற்றில் இறங்குமுன், தொழுகைக்கு உடுத்திய வெள்ளை உடையோடு தம்மை ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டார். வாய்க்கால் நீரும் தெரியவேண்டும் என்றார். வீட்டுக்கு அனுப்பவாம், மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லையாம். எடுத்துக் கொடுத்தேன். உடனே ஜிப்பாவைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். மடையை அடைத்திருந்த கல்லையும் துணிச்சுருளையும் அகற்றினார். சலசலவென்று தண்ணீர் பேரீச்சை வேர்களுக்குப் போயிற்று. முறை வந்தபோது ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தண்ணீர் நிற்பதில்லை, அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்றார்.

வெளிநாட்டில் ஜீவனம் செய்யும் எங்களிடையே, எதையும் ஊர் திரும்பிய பின் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. நல்ல புஸ்தகம், பாட்டு, பிரயாணம், பக்கத்து அறைக்காரரோடு மனம்விட்டு ஒரு பேச்சு, இவையெல்லாம் வீடு கட்டி முடிந்த பிறகு, பெண்ணுக்குக் கல்யாணமான பிறகு என்று தள்ளிக்கொண்டே போகின்றன. இங்கே இருக்கும் காலத்தை ஆயுளில் சேராத காலமாக எண்ணிவிடுகிறோம். அதுவும் நம் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர்தான். வெள்ளியும் சனியும் அதில் நமக்கு விதிக்கப்பட்ட அதர்கள். காமிரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீங்கள் பிழைக்க வந்த ஊரைப் பார்க்க இந்த வாரமே புறப்படுங்கள். முறை உங்களுடையது, மடையை நீங்கள்தான் திறக்க வேண்டும்.