இரண்டு வினாடி நியாயம்

செங்கல்பட்டில் சென்னை கடற்கரைக்கான மின்சார ரயில் கிளம்பி, சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் கைப்பேசியில் ஒரு செஸ் ஆட்டம் முடிந்துவிடும். ஆளுக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் ஆடும் பிள்ளைகளை அந்த வண்டியில் தினமும் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு மாலையில் காய் நகர்த்தக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். தொடக்க ஆட்டம் பற்றியோ முடிவாட்டம் பற்றியோ அவரிடம் கேள்வி வருவது குறைந்துவிட்டது. "சார், இது டிராதானே? எனக்கு ஏன் தோல்வின்னு போட்டிருக்கு?" என்பதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படித்தான் கைப்பேசியை நீட்டினாள். அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் இருந்தன. சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே நகர்த்தல். எதிராளியிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும். அந்த நிலையில் அவளுடைய கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டது. "ஒத்தக் குதிரையை வச்சு யாராவது மேட் பண்ண முடியுமா சார்?"

பயிற்சியாளர் பலகையை எடுத்து வைத்தார். வெள்ளை ராஜா எச்8, அதன் சிப்பாய் எச்7. கறுப்பு ராஜா எஃப்7. குதிரையை ஜி6 கட்டத்தில் இறக்கினார். செக்மேட். தன் சிப்பாயே தன் ராஜாவின் வழியை அடைத்து நிற்பதைப் பார்த்து அவள் வாயடைத்துப் போனாள். உண்மையான ஆட்டத்தில் யாரும் இப்படிப் போய் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதி, ஆடுபவர் மாட்டிக்கொள்வாரா என்று பார்ப்பதில்லை. நேரம் முடிந்தவர் தோற்றவர். விதிக்கு உட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் எதிராளியால் மேட் செய்ய முடியாது என்றால் மட்டுமே ஆட்டம் டிரா.

அதோடு முடியவில்லை. இதே நிலை லீசெஸ் தளத்தில் தோல்வி, செஸ்.காம் தளத்தில் டிரா. முதல் தளம் ஃபிடே விதியை ஒட்டி, மேட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டாவது, காய்களின் கணக்கை மட்டும் பார்க்கிறது. ஒற்றைக் குதிரை என்றால் போதாது என்று முடித்துவிடுகிறது. ஒரே நிலைக்கு இரண்டு தீர்ப்பு. எந்த வீட்டில் ஆடுகிறோமோ அந்த வீட்டு வழக்கத்தைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும் என்று அவர் சொன்னார். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. அது நியாயமான கோபம் என்றே அவருக்கும் பட்டது.

மும்முறை திரும்பும் நிலையும் அப்படித்தான். செஸ்.காமில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் ஆட்டம் தானாக டிராவாகும். லீசெஸில் ஆடுபவர் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஐந்தாம் முறைதான் தானாக முடியும். மேசைப் போட்டியிலும் சட்டம் இதுவே. நான்கு வினாடி மிச்சமிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரல் அறிந்திருக்க வேண்டும்.

வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா என்னும் விதியோ, பிளிட்ஸ் எனப்படும் மின்னல் வேக ஆட்டத்தில் வேறு உருவம் எடுத்துவிட்டது. எதிராளி ஆடுமுன்பே நம் நகர்த்தலைச் சொல்லி வைப்பதை ப்ரீமூவ் என்கிறார்கள். செஸ்.காமில் அதற்குப் பத்தில் ஒரு வினாடிதான் கழியும். ஐந்து வினாடி கையிலிருந்தால் ஐம்பது நகர்த்தல் ஓடி டிரா வாங்கிவிடலாம் என்று கணக்கு சொல்கிறது. கைவேகம் உள்ள பிள்ளைகள் அதைச் செய்தும் காட்டுகிறார்கள்.

டிராவான நிலையில் நேரத்தை வைத்து ஜெயிப்பது தவறா? பெற்றோர் பலர் அப்படி நினைக்கிறார்கள். பயிற்சியாளரின் தீர்ப்பு வேறு. மூன்று நிமிடத்துக்குள் முழு ஆட்டத்தையும் ஆடி முடிப்பதாக இருவரும் ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். கடிகாரமும் ஒரு காய். தவறு எது என்றால், தோற்கும் நிலையில் ஓயாமல் டிரா கேட்டு எதிராளியின் கவனத்தைக் கலைப்பது. ஃபிடே விதியும் அதைத் தொல்லை என்றே வகைப்படுத்தித் தடுக்கிறது. பேசிவைத்து டிரா செய்வது அதைவிட மோசம். 2023 டிசம்பரில் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் டேனியல் துபோவும் இயான் நெபோம்னியாச்சியும் குதிரைகளை ஊர் சுற்ற விட்டு டிரா என்றார்கள். நடுவர் இருவருக்கும் பூஜ்ஜியம் போட்டார். பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் அடிக்கடி காட்டும் ஆட்டம் அது.

செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தப் பகுதிப் பிள்ளைகள் நிதான ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், முதல் நகர்த்தலிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி கூடுதல். எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த இந்திய வீரர் குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்தார். அது கைநழுவிய பிறகும் டிராவுக்கு இறங்காமல் போராடி, ஒரு குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, குகேஷின் அணிக்கு வெண்கலம். வலித்த தோல்விதான். ஆனாலும் முடிவு பலகையில் தீர்மானமானது. விதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்த இணைய ஒலிம்பியாட் அப்படி முடியவில்லை. 2020 ஜூலை-ஆகஸ்டில் செஸ்.காம் தளத்தில், 15 நிமிடத்தோடு நகர்த்தலுக்கு 5 வினாடி கூடுதலாக நடந்த போட்டி அது. காலிறுதியில் ஆர்மீனிய வீரர் மார்ட்டிரோசியான், இணைப்பு துண்டிக்கப்பட்டு, இந்தியாவின் நிகால் சரினிடம் நேரத்தில் தோற்றார். ஆர்மீனியாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த அணி அடுத்த சுற்றை ஆடாமல் வெளியேறியது. ஆகஸ்ட் 30 அன்று இந்தியாவுக்கு ரஷ்யாவோடு இறுதிப் போட்டி. முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை உலகளவில் முடங்கியதால் நிகாலும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தில் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் துவோர்கோவிச் இரு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

அன்று பயிற்சியாளரின் வீட்டிலும் சந்தோஷம்தான். ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்த அணி அது. உலகளாவிய முடக்கமும் ஒருவர் வீட்டு இணைப்பு அறுவதும் ஒன்றல்ல என்ற வாதத்தை அவர் ஏற்கிறார். இருந்தும், ஆர்மீனியர்கள் எழுந்து போன காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லை. எந்தத் துண்டிப்புக்கு என்ன தீர்வு என்று முதல் நகர்த்தலுக்கு முன்பே எழுதி வைத்திருந்தால், அந்த மனக்கசப்புக்கு இடமே வந்திருக்காது என்பது அவர் கருத்து.

இப்போது அவர் தன் மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் நடத்தும் இணையப் போட்டிகளை 3+2 என்றே வைக்கிறார்: மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூடுதல். உலக பிளிட்ஸ் போட்டியின் அளவும் அதுவே. இணைப்பு போனால் என்ன, டிரா எப்போது கேட்கலாம், எந்தத் தளத்தின் விதி என்பதை முந்தின நாளே அனுப்பிவிடுகிறார். அந்த மாணவியும் அதில் ஆடுகிறாள். பள்ளிகளிலும் கழகங்களிலும் பிள்ளைகளுக்கு இணையப் போட்டி நடத்துகிறவர்கள் அந்த இரண்டு வினாடியைச் சேர்த்துவிடுங்கள். ராணியாக இரண்டே நகர்த்தல் மிச்சமிருக்கும் ஒரு சிப்பாய்க்கு அது போதும்.